அடிவாரம் வரை வந்தவன்: ஒரு பணித்தள நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு பற்றி

இது 2009-க்கும் 2012-க்கும் இடையே ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மஹால் மலைமேல் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில் நடந்தது. நான் அப்போது அங்கே மிஷனரியாக இருந்தேன். ஒரு தகப்பன், அவருடைய மகள், இறந்துபோன மகன், அப்புறம் நான். இந்த நான்கு பேரைச் சுற்றியதுதான் விஷயம். யாருடைய பெயரும் இதில் இல்லை. கிராமம், மருத்துவமனை, நான் சார்ந்திருந்த அமைப்பு ஆகியவற்றின் பெயர்களையும் விட்டுவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பல ஆண்டுகள் இதை எங்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, இப்போது ஏன் எழுதுகிறேன் என்பது கடைசிப் பகுதிகளில் வரும்.

பின்னணி

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். 2005-இல் மனைவியோடு பணித்தளத்துக்குப் போனேன். ரயில் மாறி மாறி மூன்றாம் நாள் பர்ஹர்வா சந்திப்பில் இறங்கி, ஜீப்பில் அடிவாரம் வரை போய், அங்கிருந்து நடக்க வேண்டும். மலைமேல் இருப்பவர்களை வெளியார் சௌரியா பஹாடியா என்பார்கள். அவர்கள் தங்களை மலேர் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் பேசும் மால்டோ நம் மொழிக்குத் தூரத்து உறவு. எங்கள் ஊருக்குப் பக்கத்து இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல், ராஜ்மஹால் மொழியைத் திராவிடக் குடும்பத்தில் சேர்த்து எழுதியவர். 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்', தண்ணீருக்கு 'அமு'. முதல் மாதத்தில் இதையெல்லாம் கேட்டு, இந்த மொழி சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பினேன். ஆறு ஆண்டு கழித்தும் பாதிதான் வந்திருந்தது. உறவு மொழி என்ற நினைப்பில் ஒழுங்காக உட்கார்ந்து படிக்காமல் விட்டதுதான் காரணம்.

கிராமங்கள் மலையுச்சியில் இருக்கும். ஊற்று கீழே இருக்கும். பெண்கள் நாளுக்கு இரண்டு மூன்று தடவை இறங்கி ஏறுவார்கள். சரிவில் காட்டை வெட்டி எரித்து மக்காச்சோளமும் காராமணியும் விதைப்பார்கள். சபை என்று ஒரு புல் விளையும். (நம் சபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதிதாக வருகிற மிஷனரிகள் எல்லோரும் ஒரு முறையாவது இதை வைத்து ஜோக் அடிப்பார்கள்.) அந்தப் புல்லை வாரச்சந்தையில் விற்பார்கள், கயிறும் திரிப்பார்கள்.

காய்ச்சல் அங்கே எப்போதும் உண்டு. மலேரியா ஒன்று, காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல் இன்னொன்று. சாகிப்கஞ்ச், பாகுர், கொட்டா, தும்கா ஆகிய நான்கு மாவட்டங்களில் கருங்காய்ச்சல் வேரூன்றியிருந்தது. மண்சுவர் வெடிப்பிலும் ஈரமான மாட்டுக்கொட்டகையிலும் தங்கும் மணல் ஈ கடித்துப் பரவுகிறது. வாரக்கணக்கில் காய்ச்சல் நீடிக்கும், உடம்பு இளைக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னே வரும். வைத்தியம் பார்க்காவிட்டால் பெரும்பாலும் சாவுதான். இந்தக் கிருமியை 1903-இல் சென்னையில் கண்ட டானவன் என்ற மருத்துவரின் பெயர் இன்றும் கிருமியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது பெருமையாகக்கூட இருந்தது.

எங்களுக்கு மூன்று வேலை: ஒரு சிறு பள்ளி, காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடித்து வைத்தியத்துக்கு அனுப்புவது, சுவிசேஷம் சொல்வது. மாதம் ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை வீடு சந்தித்தோம், எத்தனை பேரோடு ஜெபித்தோம், எத்தனை நோயாளிகளை அனுப்பினோம் என்று அதில் கட்டங்கள் இருக்கும்.

2009: என் குறிப்பேட்டில் இருந்தது

அந்த ஆண்டு மழைக்காலத்தில் இந்தக் குடும்பத்தின் மூத்த மகனுக்குக் கருங்காய்ச்சல் வந்தது. பதினாறு வயது. அப்போது வைத்தியம் என்றால் வாரக்கணக்கில் நாள்தோறும் ஊசி. அவனைக் கீழே அனுப்பச் சொன்னது நான்தான். என் குறிப்பேட்டில் இருந்தது இவ்வளவுதான்: "பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழியனுப்பி ஜெபித்தேன்." இரண்டு வாரம் தள்ளி இன்னொரு வரி: "பையன் இறந்துவிட்டான். தகப்பனுக்காக ஜெபிக்க வேண்டும்."

ஊருக்குத் திரும்பியதும் ஒரு முறை வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தாண்டிப் போவேனே தவிர உள்ளே போனதில்லை.

2011 ஜூலை: கவனித்தது

அந்த மனிதரின் மகளுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் என்று பள்ளிப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒன்பது வயது. போய்ப் பார்த்தேன். வயிறு வீங்கியிருந்தது, கை கால் குச்சியாக இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. கீழே கூட்டிப்போகலாம் என்றேன். "பார்க்கலாம்" என்றார். இரண்டு நாள் கழித்துப் போனேன், அதே பதில். மூன்றாம் தடவை "மழை" என்றார். நான்காம் தடவை வீட்டில் ஆள் இல்லை. கொல்லைப்பக்கம் ஆள் சத்தம் கேட்டது, நான் திரும்பிவிட்டேன். இது நடந்து முடிய ஒன்பது நாள் ஆனது.

அந்த வீட்டு வாசலில் பலி கொடுத்த கோழியின் இறகுகள் கிடந்தன. ஊரில் குறிசொல்லும் தெமானோ வந்து போயிருக்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது. மூடநம்பிக்கை, மருந்தில் பயம், என்று அறிக்கையில் எழுதினேன். என்னோடு வந்த உள்ளூர் இளைஞர், எங்கள் உடன் ஊழியர், "அப்படி மட்டும் இல்லை பையா" என்று ஒரு தடவை சொன்னார். (பையா என்றால் இந்தியில் அண்ணன்.) வேறு என்ன என்று நான் அவரைக் கேட்கவில்லை.

நேர்மையாகச் சொன்னால், என் அவசரம் தப்பில்லை. பிள்ளை சாகும் நிலையில் இருந்தாள். பொறுமையாகக் கேள் என்று சொல்கிற யாரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. கேட்பதற்கு நேரமில்லை என்று நான் நினைத்தேன். ஆனால் நான் பேசிப் பேசித்தான் ஒன்பது நாளைச் செலவழித்திருந்தேன்.

உரையாடலை எழுதிப் பார்த்தது

எங்கள் பகுதியை மேற்பார்த்த மூத்த ஊழியர் நாகர்கோவில்காரர். ஒரு காலத்தில் மருத்துவமனைச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்குத் துணையிருக்கும் போதகராக, பயிற்சி பெற்றவர். அந்தப் பயிற்சியின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. ஆன்டன் பாய்சன் என்ற போதகர் தானே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்து மீண்டவர். 1925-இல் வொர்செஸ்டரில் உள்ள அரசு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களைக் கூட்டிவந்து, புத்தகத்தைப் படிப்பதுபோல மனிதர்களைப் படிக்கச் சொன்னார். பின்னால் அந்தப் பயிற்சியில் ஒரு பழக்கம் வந்தது. நோயாளியிடம் பேசியதை நினைவில் இருக்கிறபடியே, நாடக வசனம்போல, வரிவரியாக எழுதிக் கொண்டுவந்து குழுவில் வாசிப்பார்கள். வெர்பாட்டிம் என்பார்கள். சுருக்கம் எழுதக் கூடாது. 'ஆறுதல் சொன்னேன்' என்று எழுதக் கூடாது. என்ன வார்த்தை சொன்னாயோ அதை எழுத வேண்டும்.

அந்த மூத்த ஊழியரை நான் அண்ணன் என்பேன். அண்ணனிடம் இந்த வீட்டு விஷயத்தைப் புலம்பியபோது, "அடுத்த தடவை போய்விட்டு வந்ததும் எழுதிக்கொண்டு வா தம்பி" என்றார். ஐந்தாம் சந்திப்பை எழுதினேன். அதிலிருந்து ஒரு பகுதி. என்னை அவர் 'நீன்' என்றார், அதை 'நீ' என்றே எழுதுகிறேன். நான் அவரை தாதா என்பேன். அந்தப் பக்கம் தாதா என்றால் அண்ணன்.

நான்: தாதா, இது சாதாரணக் காய்ச்சல் இல்லை. வயிற்றைப் பாருங்கள்.
அவர்: பார்க்கிறேன்.
நான்: இப்போது ஊசி கிடையாது. மாத்திரைதான். இலவசம். 28 நாள் சாப்பிட்டால் போதும்.
அவர்: அவன் இருக்கும்போதும் இப்படித்தான் மழை.
நான்: மழைக்குப் பயப்பட வேண்டாம். ஜீப்புக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.
அவர்: ஜீப்.
நான்: ஆமாம், அடிவாரத்துக்கே வரும். பணம் நீங்கள் தர வேண்டாம்.
அவர்: (பதில் இல்லை)
நான்: கடவுள் உங்கள் மகளை நேசிக்கிறார் தாதா. ஜெபிக்கலாமா?
அவர்: ஜெபி.

மொத்தம் 31 வரி வந்தது. 22 என்னுடையவை. அவருடைய ஒன்பதில் ஐந்து ஒற்றைச் சொற்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னது அண்ணன். நான் எழுதியதை இரண்டு தடவை வாசித்தார். பென்சிலால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "யார் இந்த 'அவன்'?"

மகனைத்தான் சொன்னார் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழுந்தது 'மழை' மட்டும்தான். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது.

அண்ணன் அதற்கு மேல் விளக்கவில்லை. "அடுத்த தடவை இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு" என்றார். பைபிளில், துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி நான் மூன்று பிரசங்கமாவது செய்திருப்பேன். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்று சொல்லி முடிப்பேன், சபையில் சிரிப்பார்கள்.

ஆறாம் சந்திப்பு

மறுநாளே போனேன். உடன் ஊழியருக்கு மலேரியா, அதனால் மொழிபெயர்க்க ஆள் இல்லை. தனியாகப் போக வேண்டாம் என்று நினைத்தேன், பிள்ளையின் நிலை நினைவுக்கு வந்ததால் போனேன்.

அவர் திண்ணையில் சபைப் புல்லில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளை முனகுவது கேட்டது. நான் உட்கார்ந்தேன். கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார், பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் போனதும் எனக்குத் தெரிந்த மால்டோவில் கேட்டேன்: "அன்றைக்கு 'அவன் இருக்கும்போது' என்றீர்கள். மகனா?"

கயிறு திரிப்பதை அவர் நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் பதில் இல்லை. இரண்டு தடவை எனக்கு நாக்கு நுனிவரை ஏதோ வந்தது. மால்டோவில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை. பேசாமல் இருந்தேன். இதைப் பொறுமை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மொழி வராததால் கிடைத்த மௌனம் அது.

அப்புறம் அவர் பேசினார். மதியம் தாண்டும் வரை பேசினார். பாதிதான் புரிந்தது. புரியாத இடத்தில் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்வேன், அவர் இன்னொரு விதமாகச் சொல்வார். நான் புரிந்துகொண்டதைப் பிறகு உடன் ஊழியர் மூலம் அவரிடமே சரிபார்த்தேன்.

மகனைக் கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே ஆஸ்பத்திரியில் தகப்பனும் மகனும் மட்டும் இருந்தார்கள். அங்கே மால்டோ பேச ஒரு ஆள் இல்லை. இவருக்குச் சந்தைக்குப் போதுமான இந்திதான் தெரியும். என்ன ஊசி, எத்தனை நாள், ஏன் இன்றைக்கு இரண்டு என்று கேட்கத் தெரியவில்லை. பையன் நம் ஊற்றுத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பதினொன்றாம் நாள் இரவு இறந்துவிட்டான். உடலை ஏற்றிப்போக வண்டிக்காரர்கள் கேட்ட பணம் இவரிடம் இல்லை. இரண்டு பேர் உதவியோடு கீழேயே ஒரு இடத்தில் புதைத்துவிட்டு வெறுங்கட்டிலோடு மலையேறினார். "அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது" என்றார். இதை மூன்று தடவை சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அடிவாரம் வரை வந்தாய். கண்ணை மூடி ஜெபித்தாய். கண்ணைத் திறந்ததும் மணி பார்த்தாய்."

எனக்கு அது நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அன்று மாலை வருடாந்தரக் கூடுகைக்குப் போக ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. மணி பார்த்திருப்பேன். கட்டாயம் பார்த்திருப்பேன்.

அந்தத் திண்ணையில் மூன்று பதில்கள் எனக்குள் வரிசையில் நின்றன. ரயிலைப் பற்றிய விளக்கம் முதலில், மன்னிப்பு அடுத்தது, அதற்கும் அடுத்து ஒரு பைபிள் வசனம். மூன்றுமே அவர் பேச்சை முடித்துவைத்திருக்கும். மன்னிப்புகூட அப்படித்தான். நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் என்னைத் தேற்றுகிற வேலை அவர் தலையில் விழுந்திருக்கும். "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். பிறகு கேட்டேன்: "மகளுக்கு என்ன நடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள்?"

"அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. செத்தால் இங்கே வர வேண்டும்."

மருந்து வேண்டாம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆறு சந்திப்பிலும் சொல்லவில்லை. மருந்தில் பயம் என்று அறிக்கையில் எழுதியது நான்.

எடுத்த முடிவுகள்

அன்று மாலை அண்ணனோடு உட்கார்ந்து பேசி நான்கு விஷயங்களை முடிவு செய்தோம்.

முதலில், பிள்ளையைக் கீழே கொண்டுபோவதற்குப் பதில் பரிசோதனையை மேலே கொண்டுவருவது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பட்டையில் வைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சுகாதாரப் பணியாளர் ஒருவரை மலையேறச் சம்மதிக்கவைக்க இரண்டு நாள் ஆனது. பட்டையில் இரண்டு கோடு விழுந்தது, அதாவது நோய் உண்டு. அதைத் தகப்பன் தன் கண்ணாலேயே பார்த்தார். எடை பார்த்து மருந்தளவு முடிவு செய்ய மருத்துவர் ஒரு தடவை பிள்ளையைப் பார்த்தாக வேண்டும். அதற்கு மட்டும் இறங்கி அன்றைக்கே திரும்புவது என்று பேசிக்கொண்டோம். இந்தத் தடவை நான் ஆஸ்பத்திரிக்கு உள்ளே வரை போனேன். மால்டோ பேசும் உடன் ஊழியர் காய்ச்சல் விட்ட உடம்போடு கூட வந்தார்.

அடுத்தது ஜீப் பணம். போக வர ஆகும் தொகையை, உடலைக் கொண்டுவர நேர்ந்தால் அதற்கும் சேர்த்து, ஊர்த்தலைவரான மாஞ்சியின் கையில் முன்கூட்டியே கொடுத்தோம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது சுலபம். ஆனால் என் வாக்கு எவ்வளவு தூரம் வரும் என்று அந்த மனிதருக்குத் தெரியும்: அடிவாரம் வரை. செத்தால் உடலைக் கொண்டுவரப் பணம் ஒதுக்குவதா, விசுவாசமில்லாத பேச்சு என்று எங்களில் ஒருவர் வருத்தப்பட்டார். அந்தப் பணத்தை மாஞ்சி எண்ணி முடித்த பிறகுதான் தகப்பன் எழுந்து போய்ப் பிள்ளையின் போர்வையை மடித்தார்.

மூன்றாவது, அவராகக் கேட்டால் தவிர அந்த வீட்டில் ஜெபிப்பதில்லை. இதில்தான் எங்களுக்குள் அதிக வாக்குவாதம். ஜெபிக்காமல் என்ன ஊழியம்? நான் சொன்ன காரணம் இதுதான்: மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் 'ஜெபிக்கலாமா' என்று கேட்டால், நோயாளியின் தகப்பன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? ஐந்தாம் சந்திப்பில் அவர் 'ஜெபி' என்றது சம்மதமா? நான் என் அறையில் ஜெபித்தேன், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. (2017-இல் ஜார்க்கண்டில் மதச் சுதந்திரச் சட்டம் வந்து, கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவது தண்டனைக்குரிய குற்றமானது. அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு வேறு மனக்குறைகள் உண்டு. ஆனால் மருந்துக்கும் ஜெபத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும் என்று தெரிந்துகொள்ள எங்களுக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது.)

நான்காவது, ஒவ்வொரு சந்திப்பையும் எழுதுவது, வாரம் ஒரு முறை அண்ணனோடு வாசிப்பது.

28 நாள்

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, சாப்பாட்டுக்குப் பின் கொடுக்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். ஆகஸ்டில் அந்த மலையில் சாப்பாடு என்பதே கேள்விக்குறி. பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதுச் சோளம் முற்றியிருக்காது. மூன்றாம் நாளிலிருந்து வாந்தி. இந்த மருந்தில் அது வழக்கம்தான், ஆனாலும் தகப்பன் பயந்துபோனார். அன்று இரவு பத்து மணிக்கு எங்கள் கதவைத் தட்டினார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. என் மனைவி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினாள், மறுநாளிலிருந்து கஞ்சி குடித்த பின் மாத்திரை என்று மாற்றினோம். அவர்கள் வீட்டு அரிசி தீர்ந்ததும் மாஞ்சி வீட்டிலிருந்து வந்தது.

இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் விட்டது. மண்ணீரல் மெதுவாகத்தான் சுருங்கியது. 28 மாத்திரை நாளும் முடிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்துத்தான் குணம் என்று முடிவு செய்வார்கள், அதுவும் நல்லபடியாக முடிந்தது. அந்த மழைக்காலத்தில் அதே ஊரில் இன்னும் மூன்று பேர் தாங்களாகவே பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களை அனுப்பியது அந்தத் தகப்பன்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது சபையில் சொல்ல நல்ல சாட்சியாக, கடவுள் செய்ததைச் சொல்லும் கதையாக, இருந்திருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது தவறு

அந்த டிசம்பரில் விடுப்பில் ஊருக்கு வந்தேன். எங்களைத் தாங்குகிற சபைகளுக்கும் ஜெபக் குழுக்களுக்கும் கடிதம் எழுதுவது வழக்கம். இந்த முறை இந்தக் கதையை எழுதினேன். வெறுங்கட்டில், ஊற்றுத் தண்ணீர், 'அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது', எல்லாம் எழுதினேன். பிள்ளையின் படத்தையும் போட்டேன். மணி பார்த்ததை மட்டும் விட்டுவிட்டேன். மூன்று ஊர்களில் மேடையில் சொன்னேன். பெண்கள் அழுதார்கள். ஒரு ஊரில் காணிக்கைத் தட்டில் ஒருவர் மோதிரத்தைக் கழற்றிப் போட்டார்.

2012 பிப்ரவரியில் பணித்தளத்தைப் பார்க்க ஒரு குழு வந்தது. நல்ல மனிதர்கள். மலையேறி மூச்சு வாங்க நின்றபோது ஒரு அம்மா அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இது அந்தப் படத்தில் இருந்த பிள்ளைதானே!" என்று கட்டிக்கொண்டார்கள். தகப்பன் பக்கத்தில் நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உடன் ஊழியரை மொழிபெயர்க்கச் சொல்லி, "உங்கள் மகனுக்காக எங்கள் சபையில் எல்லோரும் அழுதோம் ஐயா" என்றார்கள்.

உடன் ஊழியர் என்னைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார்.

அவர் கையை உருவிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் என்னிடம் பேசவில்லை. வழியில் பார்த்தால் விலகிப் போவார். அந்த அம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை. சொல்லக் கூடாத இடத்தில் சொன்னது நான், அவர்கள் கேட்டதற்கு உண்மையாக அழுதார்கள்.

அண்ணனிடம் போனேன். விளக்கப் போகாதே என்றார். உடன் ஊழியர் கோபமாக இருந்தார், அதில் நியாயம் இருந்தது. "எங்கள் வீட்டுச் சாவை எல்லாம் நீங்கள் தெற்கே கொண்டுபோகிறீர்கள் பையா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சொல்லியிருப்பார், என் காதில் விழுந்திருக்காது.

ஜூலையில் மழை தொடங்கியதும் ஒரு நாள் திண்ணையில் அவர் கயிறு திரிப்பதைப் பார்த்து, கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன். முனையைக் கொடுக்கவில்லை. மறு வாரமும் போனேன். நாலாவதோ ஐந்தாவதோ தடவை கொடுத்தார். அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: "நான் உன்னிடம் சொன்னேன்."

இப்போது மாற்றிச் செய்வது

கேட்டதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பது கேட்பதில் பாதி. எனக்குக் கிடைத்த பயிற்சியில் இந்தப் பாதி இல்லை. மருத்துவமனைச் சாப்ளின்கள் குழுவில் வாசித்ததை அந்த அறைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போவார்கள் என்று அண்ணன் முதலிலேயே சொல்லியிருந்தார். அது ஆஸ்பத்திரிக்கு உள்ள விதி, மலைக்கு எதற்கு என்று நினைத்தேன். மிஷனரி வாழ்க்கையே சாட்சிக் கடிதத்தில்தான் ஓடுகிறது. கதை வராவிட்டால் காணிக்கை குறையும், காணிக்கை குறைந்தால் பள்ளி நிற்கும். இந்த நெருக்கடி பொய்யில்லை. 2012-க்குப் பிறகு என் கடிதங்களில் பள்ளிச் செலவு, மருந்து, மழை, என் சொந்தத் தோல்விகள் இவற்றைத்தான் எழுதினேன். இரண்டு ஜெபக் குழுக்கள் எங்களைத் தாங்குவதை நிறுத்திவிட்டன. மற்றவை நிற்கவில்லை.

இன்னொன்று, இதை நான் கவனிக்கவே இல்லை, என் மனைவி சொல்லித்தான் தெரியும். என் எல்லா உரையாடல் பதிவுகளிலும் அந்த வீட்டுத் தாயின் வரி ஒன்றுகூட இல்லை. அவர் அங்கேயேதான் இருந்தார், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், போனார். என் மனைவி ஊற்றுக்கு அவரோடு போய்வந்த நாட்களில்தான் அவர் கதை வெளியே வந்தது. மகன் இறந்த சேதி அவருக்கு இரண்டு நாள் கழித்து வெறுங்கட்டிலோடு கணவர் ஏறி வந்தபோதுதான் தெரிந்தது. மற்றதை என் மனைவி என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுபடி செய்வதானால் ஆண் மிஷனரி ஒருவன் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுக் குடும்பத்தைக் கேட்டுவிட்டேன் என்று எழுத விடமாட்டேன்.

மொழியை முதல் இரண்டு ஆண்டில் ஒழுங்காகப் படிக்க வேண்டும். மொழி வராததால் எனக்குக் கிடைத்த மௌனத்தை ஒரு முறையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு நாள் உதவியது. ஆறு ஆண்டு கெடுத்தது.

மாதாந்தர அறிக்கையில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிப் பார்த்தோம், 'கேட்ட வீடுகள்' என்று. ஆறு மாதத்தில் அதிலும் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. எடுத்துவிட்டோம்.

சம்மதம் பெற்ற விதம்

போன ஆண்டு அந்த ஊருக்குப் போயிருந்தபோது இதை எழுதலாமா என்று கேட்டேன். பிள்ளைக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று அவள் சொன்னாள். தகப்பன் வாசித்துக் காட்டச் சொன்னார். நான் தமிழில் எழுதியதை உடன் ஊழியரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து மால்டோவில் சொன்னோம். ஒரு பிற்பகல் முழுக்க ஆனது. மகனைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு விஷயங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். ஊற்றுத் தண்ணீர் இருக்கட்டும் என்றார்.

முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மணி பார்த்ததை எழுதியிருக்கிறாயா?"

எழுதியிருக்கிறேன் என்று சொல்லி அந்த இடத்தை மறுபடி வாசித்தேன்.

"சரி, போடு" என்றார்.